கோப்பியை விட்டவன் கலியாணம் சொல்லப் போன பாதை

வடமராட்சிக்குச் சைக்கிளில் போக ஆசைப்படுகிறவர்கள் இடைக்கிடை எனக்கு எழுதிக் கேட்கிறார்கள். எந்த மாதம் நல்லது, எந்தப் பாதை நல்லது என்று. அந்தப் பாதையை நான் முழுதாக ஓடியது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆனி மாதம். மீசாலையில் இருந்து கொடிகாமம், வரணி, முள்ளி, துன்னாலை, மந்திகை வழியாகப் புலோலி. போக ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீற்றர், வரவும் அவ்வளவுதான். பாதையில் பெரிய குறை இல்லை. என் தலையில்தான் குறை. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர்தான் நான் கோப்பி குடிப்பதை விட்டிருந்தேன்.

நான் ஆசைப்பட்டு விடவில்லை. அந்த நாட்களில் ஏழெட்டுத் தரம் கோப்பி குடிப்பேன். போரால் கோப்பித்தூள் கிடைப்பதே அரிதான காலத்தில் அது எப்படி முடிந்தது என்று கேட்காதீர்கள், அது தனிக்கதை. நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. டொக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வருத்தம், நோய் ஒன்றும் இல்லை, கோப்பி கூடிப்போச்சு, ஒரு மாதத்துக்குக் கோப்பியும் வேண்டாம், தேத்தண்ணியும் வேண்டாம் என்றார். நானும் சரி என்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஓடிப்போய் வாசல் படலையைச் சாத்திவிட்டு வந்தா.

"டொக்டர் சொன்னது எண்டு வெளியிலை வாய் திறந்தியோ, தெரியும்! தங்கச்சியின்ரை கலியாணத்துக்கு இன்னும் இருபது நாள் கிடக்கு. நெஞ்சு வருத்தக் குடும்பம் எண்டு மாப்பிள்ளை பகுதிக்குக் காதிலை விழுந்தா என்ன நடக்கும்?"

என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும். ஆகவே காரணத்தைச் சொல்லக்கூடாது. அதே நேரம் வடமராட்சிச் சொந்தக்காரர்களுக்குக் கலியாணம் சொல்லப் போகவேண்டியவனும் நான்தான். அப்பா காலமாகி இரண்டு வருடம்.

எங்கள் பக்கத்துக்குப் புதியவர்களுக்கு ஒன்றை இங்கே விளக்கவேண்டும். கலியாணம் சொல்லப் போகிறவன் ஒவ்வொரு வீட்டிலும் இருந்து, அவர்கள் தருவதைக் குடித்துவிட்டுத்தான் எழும்பவேண்டும். குடிக்காமல் எழும்பினால் அந்த வீட்டோடு கோபம் என்று பொருள். எங்களுக்குள் சண்டை பிடித்த ஆட்கள் நல்லது கெட்டதுக்குப் போவார்கள், வருவார்கள். வாய் மட்டும் நனைக்க மாட்டார்கள். புலோலியில் இருக்கும் என் மாமா, அம்மாவின் ஒரே தமையன், அப்பாவின் செத்த வீட்டுக்கு வந்தார், நின்றார், ஒரு மிடறு கோப்பி குடிக்காமல் திரும்பிப் போனார். அம்மாவின் சீதனக் காணிக்கும் அவருடைய காணிக்கும் இடையில் இருக்கும் வேலிதான் காரணம். அது ஒரு முழம் நகர்ந்ததா இல்லையா என்பதில் அவருக்கும் அப்பாவுக்கும் ஏழு வருடக் கோபம். அந்த மாமா வந்து நிற்காவிட்டால் தங்கச்சியின் மணவறையில் தாய்மாமன் இடம் வெறுமையாகக் கிடக்கும். அதை நினைத்து அம்மா சமைக்கும்போதும் அழுவா.

வெள்ளிக்கிழமை விடிய ஐந்தரைக்கு அக்காவின் கணவரோடு புறப்பட்டேன். அத்தானிடம் குங்குமம், சந்தனம், வெற்றிலை, பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அடித்த கலியாண அழைப்புக் காட்டுகள் எல்லாம் ஒரு பையில். என்னிடம் தலையிடி மட்டும். கோப்பியை விட்டவர்களுக்குத் தெரியும், இரண்டாம் மூன்றாம் நாள்தான் உச்சம். கண்ணுக்குப் பின்னால் யாரோ உரலில் இடிப்பது போல இருக்கும். அதோடு கொட்டாவி. கொடிகாமம் வரை ஐந்து கிலோமீற்றரும் நான் கொட்டாவி விட்டபடியே மிதித்தேன். சந்தைக்கு வாழைக்குலை ஏற்றிப் போன ஒருவர் என்னைப் பார்த்துத் தானும் கொட்டாவி விட்டு, சைக்கிளை வேலிக்குள் விட்டார். நல்ல காலம், குலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆறே முக்காலுக்கு வரணி. சின்னம்மா வீடு. குங்குமம் கொடுத்து, காட்டைக் கொடுத்து, முறைப்படி சொன்னோம். சின்னம்மா இரண்டு மூக்குப்பேணியில் கோப்பி கொண்டு வந்தா. அந்த வாசத்தை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் பாதியில் எழும்பி அடுப்படிக்குப் போய்விடுவேன்.

"எனக்கு வேண்டாம் சின்னம்மா. நான் கோப்பியை விட்டிட்டன்."

"ஏன் ராசா?"

"சும்மாதான்."

"சும்மா ஆர் கோப்பியை விடுவினம்?"

பச்சைத்தண்ணி போதும் என்றேன். சின்னம்மாவின் முகம் கறுத்தது. "கலியாணம் சொல்ல வந்த பிள்ளைக்குத் தண்ணி குடுத்து அனுப்பினன் எண்டு ஊர் கதைக்கட்டும்" என்றா. அத்தான் தன்னுடையதையும் குடித்து, என்னுடையதையும் குடித்து, அருமையான கோப்பி என்று இரண்டு தரம் சொன்னார். அது பலிக்கவில்லை. அத்தான் குடித்தால் என்ன, குடிக்காவிட்டால் என்ன, அவர் பிற குடும்பம். நான் குடித்தால்தான் கணக்கு.

முள்ளி வெளியில் என் பின் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டது. மரம் மட்டை இல்லாத வெறும் வெளி, வெயில் உப்புத் தரையில் பட்டுக் கண்ணைக் குத்தும். நீங்கள் போவதானால் எட்டு மணிக்கு முன்னர் இதைக் கடந்துவிடுங்கள். நாங்கள் ஒட்டுப்போட்டுக்கொண்டிருக்கும்போது சின்னம்மாவின் மகன் எங்களைக் கடந்து சைக்கிளில் போனான். கை காட்டினேன். அவன் காட்டவில்லை. அப்போதே நான் யோசித்திருக்கவேண்டும்.

துன்னாலையில் பெரியப்பா வீட்டுக்குப் போனபோது ஒன்பதரை. படலையில் நின்றே பெரியம்மா கேட்டா, "வரணியிலை தண்ணிதான் குடிச்சியாம்?" செய்தி எங்களுக்கு முன்னே போய்ச் சேர்ந்திருந்தது. என்னை நடுவில் இருத்தி, வீட்டிலுள்ள எல்லாரும் சுற்றி நின்றார்கள். கோப்பி வந்தது. நான் வாய் திறக்க முன்னர் மேலே பொம்மர் விமானச் சத்தம். எல்லாரும் எழும்பிப் பின்வளவுப் பங்கருக்குள் ஓடினோம். பனங்குற்றி அடுக்கி, மேலே மண் மூட்டை போட்ட சின்னப் பங்கர். ஒன்பது பேர் ஒருவர் மடியில் ஒருவர். இருட்டு பழகியதும் பார்க்கிறேன், பெரியம்மா கையில் என் கோப்பி. ஒரு துளி சிந்தாமல் கொண்டு வந்திருக்கிறா.

"குடி."

"பெரியம்மா, இதுக்குள்ளையோ?"

"சாகப்போற நேரத்திலையும் எங்கடை வீட்டிலை குடிக்க மாட்டியோ?"

எங்கோ தூரத்தில் இரண்டு குண்டு விழுந்தது. மண் பொலபொலவென்று தலையில் கொட்டியது. அந்த அடைசலுக்குள் கோப்பி வாசம் என் மூக்குக்கு நேரே. டொக்டரை நினைத்தேன். அம்மாவை நினைத்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு வேண்டாம் என்றேன். மூடிய கண் திறக்கவில்லை. மூன்று நாளாகக் கோப்பி காணாத உடம்பு, இருட்டைக் கண்டதும் நித்திரையாகிவிட்டது. குண்டு விழும்போது பெரியப்பாவின் தோளில் சாய்ந்து குறட்டை விட்டேனாம். அதையும் அவர்கள் அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். அத்தான் அந்தக் கோப்பியையும் குடித்தார்.

மந்திகையில் ஒரு மாமரத்தடியில் நான் சைக்கிளைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். இனி ஒரு அடி வரமாட்டேன் என்றேன். அத்தான் பக்கத்தில் குந்தினார்.

"மச்சான், புலோலியிலை நீ குடிச்சே ஆகவேணும். அங்கை குடிக்காட்டி உன்ரை மாமா இந்தச் சென்மத்திலை வரமாட்டார்."

"தெரியும் அத்தான்."

"ஒரு மூக்குப்பேணியிலை நெஞ்சு நிக்காது."

இதைச் சொல்லத்தானே ஒருவர் வேண்டியிருந்தது. தங்கச்சிக்காகக் குடிப்பது என்று தீர்மானித்தேன். உண்மையைச் சொன்னால் தங்கச்சிக்காக மட்டும் இல்லை. மிச்ச நான்கு கிலோமீற்றரையும் சரசரவென்று மிதித்தேன், கொட்டாவி கூட வரவில்லை.

மாமா ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். ரெயில் ஓடாமல் இரண்டு வருடமாகியும் கையில் மணிக்கூடு கட்டிக்கொண்டுதான் இருப்பார். படலையைத் திறந்தவர் எங்களைப் பார்க்க முன்னர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"பன்னிரண்டுக்கு வருவியள் எண்டு கேள்விப்பட்டன். முக்கால் மணித்தியாலம் லேற்."

உள்ளே இருத்தினார். குங்குமம் எடுத்துக்கொண்டார். காட்டை இரண்டு பக்கமும் வாசித்தார். நான் குசினிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. கோப்பியைக் காணவில்லை.

"கோப்பி போடேல்லை" என்றார் மாமா. "உனக்கு எங்கடை ஆக்களின்ரை கோப்பி தொண்டையாலை இறங்காதாம். வரணியிலையும் இறங்கேல்லையாம், துன்னாலையிலை பங்கருக்குள்ளையும் இறங்கேல்லையாம். பிறகேன் வீணாக்குவான்?"

எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு தூரம் வந்து, இந்த ஒரு வீட்டில் குடிப்பதற்கென்றே வந்து, இங்கே இல்லையா? மானம், மரியாதை எல்லாம் போய்விட்டது.

"மாமா, எனக்குக் கோப்பி வேணும்" என்றேன். "மாமி, எனக்கு ஒரு கோப்பி தாங்கோ."

மாமா நிமிர்ந்து பார்த்தார். ஏழு வருடத்துக்குப் பிறகு எங்கள் வீட்டு ஆள் ஒருவன் அவருடைய வீட்டில் வாய் விட்டுக் கேட்கிறான். முகம் இளகிவிட்டது. ஆனால் குசினி வாசலில் நின்ற மாமியின் முகத்தில் கலக்கம். "தம்பி, இளநி வெட்டித் தரட்டோ?" என்றா. அத்தான் தலையாட்டப் போனார், நான் அவருடைய காலை மிதித்தேன். கோப்பிதான் வேண்டும் என்றேன். மாமியும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த வீட்டில் கோப்பித்தூள் ஒரு சிட்டிகையும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

மாமா எழும்பி வளவுக்குள் இறங்கினார். பக்கத்து வீட்டுப் பள்ளிக்கூட ரீச்சரோடும் அவருக்குக் கோபம். ரீச்சரின் ஆடு இவருடைய முருங்கையைத் தின்ற நாளிலிருந்து கதை இல்லை. வேலியடியில் போய் நின்று இரண்டு தரம் செருமினார்.

"ரீச்சர்!"

மாமா மறுபடி செருமினார்.

"ஆரது?"

"நான்தான். ஒரு கை கோப்பித்தூள் இருக்குமோ?"

"ஆருக்கு?"

"என்ரை மருமகன் வந்திருக்கிறான். என்ரை தங்கச்சியின்ரை பெடியன்."

அதை அவர் ஊருக்கே கேட்கும்படி, ரெயில் வருகிறது என்று அறிவிக்கிற குரலில் சொன்னார். வேலிப் பொட்டின் இடைவெளிக்குள்ளால் ஒரு காகிதச் சுருள் வந்தது.

மாமி போட்டுத் தந்த கோப்பி வெறும் கோப்பி, கடிக்க ஒரு துண்டு பனங்கட்டி. முதல் மிடறு உள்ளே போனதும் உரல் நின்றது. இரண்டாம் மிடற்றில் முற்றத்து மல்லிகை தெரிந்தது, அவ்வளவு நேரமும் அது அங்கேதான் நின்றிருக்கிறது. அவ்வளவு சந்தோசமாக நான் அதற்கு முன்னும் பின்னும் எதையும் குடித்ததில்லை. மாமா குடிக்கவில்லை, நான் குடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கலியாணத்துக்கு முதல்நாளே வந்திடுறன், கொம்மாவிட்டைச் சொல்லு" என்றார்.

ஒழுங்கை முடிந்து றோட்டு வரும் வரை கூடவே நடந்து வந்தார். என் நெஞ்சு மறுபடி படபடக்கத் தொடங்கியிருந்தது. ஒரு கையால் நெஞ்சைத் தடவிக்கொண்டு நடப்பதை அவர் கண்டுவிட்டார். அத்தானை முன்னால் போகவிட்டு, என்ன என்று கேட்டார். அவரிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. டொக்டர் சொன்னதைச் சொன்னேன். மாமா நின்றார்.

"எத்தினை நாளாய் விட்டனீ?"

"மூண்டு நாள்."

"நான் ஆறு மாதம்" என்றார். "எனக்கு உன்ரையைப் போலை இல்லை. ஆசுப்பத்திரியிலை எட்டு நாள் கிடந்தனான். வால்வு பழுதாம். கொழும்புக்குக் கொண்டுபோக வேணுமாம், இந்தக் காலத்திலை எப்பிடிப் போறது? எங்கடை பிள்ளைக்கு, உன்ரை மச்சாளுக்கு, ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறம். ஒருத்தருக்கும் மூச்சு விட்டிடாதை."

சரி என்றேன். திரும்பிப் போனவர் நாலடி வைத்துவிட்டு நின்றார்.

"கொம்மாவுக்கு மட்டும் சொல்லு" என்றார்.

இனிப் பயண விசயம். ஆனியில் போவதானால் போகும்போது தென்மேற்குச் சோளகக் காற்று முதுகில் தள்ளும், வரும்போது நெஞ்சில் அடிக்கும். திரும்பும் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் கூட்டிக் கணக்குப் பார்க்கவும். வரணிக்கும் துன்னாலைக்கும் இடையில் தண்ணீர் கிடைக்காது, கொண்டு போகவும். ஒட்டுப்போடும் சாமான் கட்டாயம். கோப்பியை விடுகிறவர்கள் ஒரேயடியாக விடாமல் நாளுக்கு ஒன்றாகக் குறையுங்கள், தலையிடி அவ்வளவாக வராது. வந்தாலும் ஒரு கிழமைக்குள் போய்விடும். அந்த ஒரு கிழமைக்குள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போகவேண்டாம். போனால் குடியுங்கள்.

நாங்கள் மீசாலைக்கு வந்தபோது மாலை ஐந்தரை. அம்மா பலகாரத்துக்கு மா வறுத்துக்கொண்டிருந்தா. மாமா வருவார் என்றேன். மா கிண்டிய அகப்பையோடு எழும்பிச் சாமிப் படத்தைக் கும்பிட்டா. கோப்பி குடித்தேன் என்றேன். பரவாயில்லை என்றா. பிறகு ஒழுங்கையில் மாமா சொன்னதைச் சொன்னேன்.

அம்மா அடுப்பைப் பார்த்தபடி இருந்தா. மா கருகத் தொடங்கியது. தங்கச்சி ஓடிவந்து சட்டியை இறக்கினா. அம்மா முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, கொடியில் கிடந்த நல்ல சேலையை இழுத்தெடுத்தா.

"ஆறு மாதம்! எட்டு நாள் ஆசுப்பத்திரியிலை கிடந்திருக்கிறான், எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை. நான் போய் அவனை நாலு கேள்வி கேக்கவேணும்."

"அம்மா, இப்பதானே வந்தனாங்கள். இருட்டப் போகுது. நாளைக்குப் போவம்."

"எடடா சைக்கிளை" என்றா அம்மா.