வெளக்குக்காரனும் கெட்டுப்போன ஒரு பாடும்

நீலமேகம் முத்துராஜுக்கு ஒரு பாடு கடன்பட்டிருந்தார்.

பாடு என்றால் என்னவென்று பழவேற்காட்டு ஏரிக்கரையில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வெளியூர்க்காரர்கள் தெரிந்துகொள்ளட்டும். இறால் ஓடுகிற நீரோட்டம் ஏரியில் எல்லா இடத்திலும் கிடையாது. முகத்துவாரத்துப் பக்கம் கொஞ்சம் இடம்தான். எல்லாரும் ஒரே நாளில் போய் வலை கட்டினால் மண்டை உடையும். அதனால் சீட்டுப் போட்டு, இன்றைக்கு இவன், நாளைக்கு அவன் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பேர்தான் பாடு. உன் முறை வந்த அன்றைக்கு நீ வலை கட்டாவிட்டால் ஏரி உனக்காக நின்று பார்த்துக்கொண்டிருக்காது. அடுத்த சுற்று வருகிற வரைக்கும் கரையில் உட்கார்ந்து காற்று வாங்க வேண்டியதுதான்.

முத்துராஜுக்கு வந்த அப்படி ஒரு பாட்டைத்தான் நீலமேகம் கெடுத்துவிட்டார். அதுவும் எப்பேர்ப்பட்ட நீலமேகம். மூன்றாவது படிக்கும்போதே பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். அடுத்தவன் படகில் தண்ணீர் இறைத்துப் பிழைத்தவருக்கு இன்றைக்கு இரண்டு ஃபைபர் படகு, மாடி எடுத்த வீடு, பெண்கள் இருவருக்கும் பந்தல் போட்டு ஊரைக் கூட்டிச் செய்த கல்யாணம். புயலில் படகு போனபோதும் வட்டிக்காரன் வாசலை மிதிக்கவில்லை. சுண்ணாம்புக்குளத்திலிருந்து காட்டூர் வரைக்கும் விசாரித்துப் பார்க்கலாம், நீலமேகத்துக்குப் பத்து ரூபாய் கொடுத்துவிட்டு அலைகிறேன் என்று சொல்ல ஒரு ஆள் கிடைக்கமாட்டான். இதையெல்லாம் ஊரார் சொல்லட்டும் என்று அவர் காத்திருக்கமாட்டார், தானே சொல்லிவிடுவார். சொன்னால் என்ன? நடந்ததைத்தானே சொல்கிறார்.

அவரைக் கடன்காரர் ஆக்கியது ஒரு செல்போன் விளையாட்டு.

பெரிய மருமகன் இளவழகன் புது போன் வாங்கியபோது பழையதை மாமனாருக்குக் கொடுத்துவிட்டுப் போனான். அதில் ஒரு பேய் விளையாட்டு இருந்தது. பேர் இங்கிலீஷில் எழுதியிருக்கும். நீலமேகம் வைத்த பேர் 'வெளக்குக்காரன்'. ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு தீவு, அதில் ஒரு பழைய கலங்கரை விளக்கம். கையில் தகர டப்பாவோடு ஒருத்தன் உள்ளே போகிறான். எண்ணெய் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும், விளக்கில் ஊற்ற வேண்டும், விளக்கு எரிந்ததும் கதவு திறக்கும், படி ஏற வேண்டும். அடுத்த மாடியிலும் எண்ணெய், விளக்கு, கதவு, படி. அதற்கு மேல் மாடியிலும் அதேதான். நடுவில் எங்கிருந்தோ ஒரு பொம்பளை தேம்பித் தேம்பி அழுவாள். பயந்து ஓடினால் பிடித்துவிடுவாள். ஓடாமல் மெதுவாக நடந்தால் விட்டுவிடுவாள். அவ்வளவுதான் விளையாட்டு.

இளவழகன் இரண்டே நாளில் சலித்துப்போய் விட்டெறிந்தது அது. "அதுல ஒண்ணுமே கெடையாது மாமா. சொன்னதையே சொல்லிக்கினு இருக்கும். வேற நல்லதா ஏத்தித் தரேன்" என்றான்.

"நீ இதுல கை வைக்காத. மத்ததை இன்னா வேணா பண்ணு" என்றார் நீலமேகம்.

அவருக்கு அந்தத் தீவு பிடித்துப்போயிற்று. ஜன்னலுக்கு வெளியே ஊர்ந்து போகிற பனி, படிக்கட்டுக்கு அடியில் தண்ணீர் மோதுகிற களக் களக் சத்தம், எண்ணெய் தீரத் தீர வெளிச்சம் சுருங்கிச் சுருங்கிக் காலடிக்கு வருவது, எல்லாம் பிடித்தது. சாப்பிட்டுக்கொண்டே ஆடினார். வலை தைக்கும்போது ஊசியை வாயில் கவ்விக்கொண்டு ஆடினார். அடுப்படியில் நின்று ஆடும்போது அந்தப் பொம்பளை அழ, அவர் மனைவி வெண்ணிலா குழம்புக் கரண்டியைக் கீழே போட்டாள்.

"வீட்டுல அழுவுற சத்தம் கேக்கக் கூடாதுய்யா. ஆடறதா இருந்தா எங்கனா போய் ஆடு."

போனார். மார்கழி மாதம், விடிகிற நேரம், ஏரி முழுக்கப் பனி. கட்டிப்போட்டிருந்த படகை அவிழ்த்து முகத்துவாரத்துப் பக்கமாகக் கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தி உட்கார்ந்தார். போன் சத்தம் போதவில்லை. மீன் போடுகிற அலுமினிய அன்னக்கூடை ஒன்று காலியாகக் கிடந்தது. அதைச் சாய்த்து வைத்து, போனைக் கூடைக்குள் பிடித்துக்கொண்டு ஆடினார். சும்மா சொல்லக்கூடாது, சத்தம் சினிமாக் கொட்டகை மாதிரி வந்தது. அமைதியான தண்ணீர் மேல் அது எவ்வளவு தூரம் போகும் என்பது ஏரியிலேயே பிறந்து வளர்ந்த மனுஷனுக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

அன்றைக்குப் பாடு முத்துராஜுடையது. அவன் வலையும் படகு தள்ளுகிற தாங்குகோலுமாக, வலை கட்டுகிற கம்பத்தை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

அவன் கரைக்கு எப்படித் திரும்பி வந்தான் என்பதை அவனே குழாயடியில் எல்லாருக்கும் சொன்னான். சேற்றில் குத்திய தாங்குகோலைப் பிடுங்கக்கூட நிற்கவில்லையாம், கையாலேயே தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தானாம். பொம்பளைகள் குடத்தை நிரப்பாமல் கேட்டுக்கொண்டு நின்றார்கள். வெண்ணிலாவும் நின்றாள்.

"மொதல்ல அழுகை அத்தை. குளிர்ல நடுங்கற மாதிரி அழுகை. அப்புறம் ஒரு கதவு தெறக்குது. நடு ஏரியில ஏது கதவு சொல்லு?"

"கதவு தெறந்தப்புறம் டொங்குனு ஒரு தகர சத்தம் வந்துச்சா?" என்று கேட்டாள் வெண்ணிலா.

"வந்துச்சு. உனக்கெப்படித் தெரியும்?"

"அது பேயில்லடா முத்துராஜு. உங்க மாமன் எண்ணெ ஊத்திக்கினு இருந்தாரு."

குழாயடியில் எழுந்த சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. முத்துராஜ் மட்டும் சிரிக்கவில்லை. அவன் பாடு போயிற்று. மார்கழிப் பாடு என்றால் பொங்கல் செலவு.

சாயங்காலம் கோயில் முன்னால் ஊர் கூடியது. பாட்டைக் கெடுத்தவர் ஈடு கொடுக்க வேண்டும், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எவ்வளவு என்பதில்தான் தகராறு. கட்டாத வலையில் எவ்வளவு விழுந்திருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

"ஒரு கூடை டைகர் இறாலாவது விழுந்திருக்கும். காத்து அப்படி இருந்துச்சு" என்றான் முத்துராஜ்.

"உன் வலைக்கா?" என்றார் நீலமேகம். "கொழம்புக்கு நாலு விழுந்திருக்கும். அந்தத் தண்ணிக்கு அந்தக் கம்பத்துல நான் கட்டியிருந்தா ரெண்டு கூடை எடுத்திருப்பேன். அது கை, மாப்ள. எல்லாருக்கும் வராது."

வாய் சும்மா இருந்திருக்கலாம். இருக்குமா? ஊர்ப் பெரியவர் தினகரன் மீசையைத் தடவிக்கொண்டே அதைப் பிடித்துக்கொண்டார். "சரி நீலமேகம். தை மாசம் அதே எடத்துல உன் பாடு வருது. நீயே கட்டு. அன்னிக்கு என்ன விழுந்தாலும் அதோட வெல முத்துராஜுக்கு. அவனும் படகுல கூட இருந்து பாக்கட்டும்."

கூட்டம் 'சரிதான், சரிதான்' என்றது. வீட்டுக்கு நடக்கும்போதுதான் நீலமேகத்துக்கு விஷயம் உறைத்தது. நிறைய விழுந்தால் பணம் போகும். கொஞ்சம் விழுந்தால் பேர் போகும். பேர் போனால், நீலமேகம் வேண்டுமென்றே வலையைத் தளர்த்திக் கட்டினான் என்பார்கள், இல்லையென்றால் பேய் விளையாட்டு ஆடி ஆடிக் கை விழுந்துபோச்சு என்பார்கள். இரண்டாவதைத்தான் அவரால் தாங்கவே முடியாது.

வெண்ணிலா தன் பங்குக்கு ஒன்று சொன்னாள். "கொறச்சலா வந்துச்சுன்னு வெச்சுக்கோ, அந்த அழுமூஞ்சிய போன்லேருந்து நானே தூக்கிடுவேன்."

பொங்கல் முடிந்து அந்த நாள் வந்தது. விடியும்போதே இருவரும் கம்பத்தடியில் இருந்தார்கள். தண்ணீர் கடலைப் பார்த்து இறங்கத் தொடங்கியதும் நீலமேகம் வலையைக் கட்டினார். கொஞ்ச நேரம் விட்டு வலையின் மடியைத் தூக்கிக் கூடையில் உதறினார். பாசியும் நாலைந்து நண்டுக்குஞ்சும் விழுந்தன. மறுபடி விட்டார். மறுபடி தூக்கினார். மறுபடி பாசி.

முத்துராஜ் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். "மாமா, ஒண்ணு சொல்லட்டா? ஒரு ஆயிரம் ரூபா குடுத்துடு. இன்னா விழுந்துச்சுன்னு கேட்டா நெறைய விழுந்துச்சுன்னு நான் சொல்லிடறேன். ரெண்டு பேரும் போய் சூடா டீ குடிக்கலாம்."

ஆயிரத்தோடு கடனும் தீரும், பேரும் நிற்கும். நீலமேகம் வலைக் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"நீ பொய் சொல்லி என் பேரு நிக்கணுமா? கம்னு ஒக்காரு."

அடுத்த தடவையும் பாசிதான் வந்தது. முத்துராஜ் மெல்லக் கேட்டான். "அந்தப் பொம்பளை போன்ல இருக்காளா?"

"இருக்கா."

"காட்டு. பகல்ல பாத்து வெச்சுக்கிறேன்."

நீலமேகம் போனை எடுத்துக் கொடுத்தார். முத்துராஜ் எண்ணெய் தேடினான், ஊற்றினான், ஏறினான். முதல் மாடியில் அழுகை கேட்டதும் போனைத் தூக்கிப் போட்டுப் பிடித்தான். நாலைந்து மாடி போனதும் கொட்டாவி விட்டான்.

"இன்னா மாமா இது. எண்ணெ, வெளக்கு, கதவு. திரும்பியும் எண்ணெ. மேல போனா இன்னாதான் இருக்கு?"

"தெரியாது. இன்னும் போவல."

"இத்தினி நாளாவா? அப்புறம் எதுக்கு ஆடற?"

நீலமேகம் வலையைத் தூக்கினார், உதறினார், பாசியை எறிந்தார், மறுபடி இறக்கிக் கட்டினார். அப்புறம்தான் பதில் சொன்னார்.

"இதோ பாரு மாப்ள. எனக்கு அறுவது தாண்டிடுச்சு. கடலுக்கு பயந்தது போச்சு, புயலுக்கு பயந்தது போச்சு, பொண்ணுங்கள எப்படிக் கரையேத்தறதுன்னு பயந்தது போச்சு. இந்த ஏரிக்கரையில என்னை மெரட்ட ஒரு ஆம்பள கெடையாது. அவ ஒருத்திதான் மெரட்டறா. ஒவ்வொரு மாடியிலயும் மெரட்டறா. அதே எண்ணெதான், அதே படிதான், எனக்கும் தெரியும். ஆனா கதவாண்ட கைய வெக்கறப்ப சின்னப் பையன் மாதிரி நெஞ்சு அடிச்சுக்குது பாரு. அதை யாரு குடுப்பா எனக்கு?"

முத்துராஜ் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் போனைப் பார்த்தான். "பனி சோக்காதான் இருக்கு. நம்ம ஏரி மாதிரியே" என்றான். அடுத்த மாடிக்குப் போய்விட்டான்.

வெயில் ஏறிப் பனி கலைந்தது. தண்ணீர் வேகம் எடுத்துக் கம்பங்களைச் சுற்றி நுரை கட்டியது. கயிறு இழுத்த இழுப்பிலேயே நீலமேகத்துக்குப் புரிந்தது. தூக்கினார். மடி கனத்தது. கூடையில் கொட்டியபோது வெள்ளை இறால் துள்ளித் துள்ளி வெளியே விழுந்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். பேருக்குப் போதுமான இறால் வந்தாயிற்று, இனி தூக்குகிற ஒவ்வொரு மடியும் அவர் பையிலிருந்து போகிற பணம். நீலமேகம் மறுபடி இறக்கினார். அடுத்த தடவை கறுப்பு வரி போட்ட டைகர் இறாலும் கலந்து வந்தது. தோள் வலித்தது. விட்டார், தூக்கினார், உதறினார், கட்டினார்.

"முத்துராஜு, ஒரு கை குடுடா."

"இரு மாமா, அழுவறா. இப்ப ஓடினா புடிச்சுடுவா."

"இறால் ஓடுதுடா."

அவன் போனை மனமில்லாமல் இடுப்பில் செருகிக்கொண்டு வந்து ஒரு பக்கம் பிடித்தான். தண்ணீர் முழுசாக இறங்கி நிற்கிற வரைக்கும் இருவரும் தூக்கினார்கள். ஒரு கூடை நிரம்பி இரண்டாவதும் கழுத்து வரைக்கும் வந்தது. நீலமேகம் அதைக் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார்.

"ரெண்டு கூடைன்னு கூட்டத்துல சொன்னேனா இல்லியா?"

"ரெண்டாவது ரொம்பல மாமா."

"கழுத்து வரைக்கும் வந்தா ரொம்பினா மாதிரிதான். கரையில கேட்டா அப்படித்தான் சொல்லணும்."

கரையில் இறாலை விலைக்கு எடுக்கிற லோகாம்பாள் தராசோடு உட்கார்ந்திருந்தாள். அவள் சுலபத்தில் யாரையும் புகழமாட்டாள். கூடைகளைப் பார்த்ததும், "யாரு பாடு இது?" என்றாள். நீலமேகம் பதில் சொல்லாமல் சுற்றிலும் பார்த்தார், வேறு யாராவது சொல்லட்டும் என்று. யாரும் சொல்லாததால் அவரே சொன்னார். வெண்ணிலா கூட்டத்துக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டினாள். அந்த அழுமூஞ்சி போனிலேயே இருந்துகொள்ளலாம் என்று அதற்கு அர்த்தம்.

லோகாம்பாள் எடை போட்டாள், வெள்ளை இறாலுக்கு ஒரு விலை, டைகருக்கு ஒரு விலை என்று கணக்குப் பார்த்துப் பணத்தை நீலமேகத்திடம் கொடுத்தாள். ஐநூறு ரூபாய்த் தாள்களாகக் கனமான கட்டு. தினகரன் பக்கத்தில் வந்து நின்றார். சுற்றிலும் ஆட்கள் கூடினார்கள்.

முத்துராஜ் படகு ஓரத்தில் உட்கார்ந்து தலை குனிந்திருந்தான். இடது கையில் போன்.

"எழுந்து வாடா. ஊரு பாக்கட்டும், எண்ணி வாங்கிக்கோ."

"நீயே எண்ணு மாமா. எண்ணெ கெடச்சுடுச்சு, ஊத்திட்டு வந்துடறேன்."

"பணத்தைப் பாக்காம வாங்குவியா?"

"நீலமேகம் எண்ணினா நான் எதுக்குப் பாக்கணும்?"

ஊர் கேட்கச் சொன்ன அந்த வார்த்தை நீலமேகத்துக்குள் எங்கேயோ போய் இறங்கியது. முத்துராஜ் போனிலிருந்து கண்ணை எடுக்காமலேயே வலது கையை விரித்து நீட்டினான். நீலமேகம் விரலை நாக்கில் தொட்டு, கோயில் வரைக்கும் கேட்கிற குரலில் எண்ணிக்கொண்டே, ஒவ்வொரு தாளாக அந்த உள்ளங்கையில் வைத்தார்.