வெறுங்காலில் பேசிய சம்பந்தம்

மேசையின் நடுவில் வண்டிச் சில்லு அளவு பெரிய ஒரு கண்ணாடித் தட்டு. அதன்மேல் முழு மீன், கீரை, கோழி, பெயர் தெரியாத இன்னும் பல. ஆராவது விரலால் மெல்லத் தள்ளினால் அது சுற்றும். ஒவ்வொரு கறியும் எனக்கு முன்னால் வந்து, நின்று பார்த்துவிட்டுப் போவதுபோலப் போனது. எனக்கு நல்ல பசி. ஆனாலும் கையை நீட்ட வெட்கம். முதலில் சம்பந்தி அம்மா தன் குச்சியால் ஒரு துண்டு மீனை எடுத்து என் கோப்பையில் வைக்க வந்தார். நான் வழக்கம்போலக் கோப்பையைக் கையால் மறைத்து, "காணும், காணும்" என்றேன். எங்கள் ஆட்கள் அப்படித்தானே. மறைக்க மறைக்கப் போடுவார்கள், நாங்களும் வேண்டாம் வேண்டாமென்று சாப்பிட்டு முடிப்போம். அவரோ மீனைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டார். அதற்குப் பிறகு ஒருவரும் எனக்கு ஒன்றும் வைக்கவில்லை. நான் வெறும் சோற்றைத் தின்றுகொண்டு, குனிந்த தலை நிமிராமல் இருந்தேன்.

அப்போது அவர் இன்னும் சம்பந்தி ஆகவில்லை. என் மகன் லண்டனில் தன்னோடு வேலை செய்த ஒரு சீனப் பிள்ளையை விரும்பினான். பிள்ளைக்குத் தகப்பன் இல்லை. தாய்க்கு இவள் ஒருத்திதான். "என் மகள் போகப்போகும் வீட்டுத் தாயை நான் நேரில் பார்க்க வேண்டும், பார்த்த பிறகுதான் ஓம் சொல்லுவேன்" என்று அந்தத் தாய் சொல்லிவிட்டார். பிள்ளையும், அம்மா ஓம் என்று சொல்லாமல் கலியாண எழுத்துக்கு வரமாட்டேன் என்று நின்றாள். எனக்கு அவள் அப்படிச் சொன்னது பிடித்திருந்தது. அதனால்தான் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் வீடும் வாசலுமாக இருந்த நான், விமானம் ஏறி, சீனாவின் தெற்கே இருக்கும் குவாங்சோ என்ற அந்தப் பெரிய நகரத்துக்குப் போனேன்.

விருந்து முடிந்து விடுதி லிப்டில் ஏறியதும் மகன் தலையில் கையை வைத்தான்.

"அம்மா, அவளின்ரை தாய்க்குப் பெரிய கவலை. உங்களுக்கு அவையளைப் பிடிக்கேல்லையாம். சாப்பாட்டைத் தொடேல்லையாம், முகத்தைப் பார்க்கேல்லையாம்."

"ஆர் சொன்னது? எனக்குப் பசிக்குதடா."

"பசிச்சால் ஏன் கையால மறைச்சனீங்கள்?"

"முதல் தரமே வாங்கினால் என்ன நினைப்பினம்?"

அவன் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் நின்றான். என் வெட்கம் அந்த ஊரில் தலைக்கனமாகத் தெரிந்திருக்கிறது. ஒரே பிள்ளையை இப்படி முகம் கொடுக்காத ஒரு மாமியிடம் எந்தத் தாய் அனுப்புவாள்?

மறுநாள் காலையில் ஒரு செய்தி வந்தது. இன்று தாய் என்னைத் தனியாக ஊர் பார்க்கக் கூட்டிப்போவாராம், பிள்ளைகள் கூட வரக்கூடாதாம். மகன் என் சேலைத் தலைப்பைச் சரிசெய்வதுபோல வந்து, "கொஞ்சம் சிரியுங்கோ அம்மா. என்ரை கலியாணம் இப்ப உங்கடை பல்லிலதான் தொங்குது" என்று சொல்லி அனுப்பினான்.

அவர் குள்ளமான, கட்டையாக முடி வெட்டிய, கை பலத்த மனுசி. ஓய்வு பெறும்வரை அந்த நகரத்தில் பஸ் ஓட்டியவர். டாக்சியைக் கண்ணாலும் பார்க்கவில்லை. வந்த முதல் பஸ்ஸில் என்னை ஏற்றி, சாரதிக்குப் பின்னால் இருந்த கதிரையில் இருத்தினார். தான் இருக்கவில்லை. சாரதியின் தோளுக்கு மேலால் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, தானே ஓட்டுவதுபோல நின்றார். சாரதிகள் அவரைக் கண்டதும் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். அவரும் திருப்பி ஏதோ ஏசினார், அன்பான ஏச்சு என்று பாஷை தெரியாமலே விளங்கியது.

பஸ் ஒரு பாலத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் மாடி வீடுகள். உடுப்புக் காயும் பல்கனிகளைக் கையை நீட்டினால் தொடலாம் போல இருந்தது. அதற்கு அப்பால் தலை முகிலுக்குள் போன கண்ணாடிக் கட்டடங்கள். பாலம் இறங்கியதும் திடீரென்று நிழல். பார்த்தால் ரோட்டின் இரண்டு பக்கமும் விழுது தொங்கும் ஆலமரங்கள்! இத்தனை சனம் இருக்கிற ஊரில், நடைபாதையில். மரத்தடியில் பிள்ளையார் மட்டும்தான் இல்லை. நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். லண்டனில் அத்தனை வருடம் இருந்தும் நான் கடை, கோயில், வேலை செய்த பள்ளிக்கூடச் சமையலறை என்ற இந்த மூன்றுக்குள்தான் போய்வந்தவள். இவ்வளவு தூரம் வந்து ஒரு நகரத்தைப் பார்க்கிறேன் என்பது எனக்கே புதினமாக இருந்தது.

பிறகு ஒரு சந்தைக்குப் போனோம். அங்கே பாவற்காய், பயித்தங்காய், கங்குன் கீரை எல்லாம் குவிந்து கிடந்தன. என்னை அறியாமலே ஒரு பாவற்காயைத் தூக்கி மணந்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டார். தானும் ஒன்றை எடுத்து, முகத்தைக் கோணி, கசப்பைக் காட்டி, புருவத்தை உயர்த்தி, சாப்பிடுவாயா என்று கேட்டார். நான் ஓமென்று தலையை ஆட்டினேன். ஆனாலும் சிரிப்பு மட்டும் வரவில்லை. வரவேண்டும் என்று நினைக்க நினைக்கப் பல்லுத் தெரியாமல் உதடு இறுகியது. அவருடைய முகமும் மெல்ல இறுகிக்கொண்டு போனது.

கடைசியாக ஒரு கோயிலுக்குக் கூட்டிப்போனார். பெரிய கோபுரம், ஊதுபத்திப் புகை. எனக்கு ஒரு துணிவு வந்தது. கோயிலில் எப்படி நடப்பது என்று எனக்குத் தெரியும்தானே. வாசலில் செருப்பைக் கழற்றிச் சிங்கச் சிலைக்குப் பக்கத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே போனேன். சேலை மறைத்ததால் அவர் கவனிக்கவில்லை. நான் விழுந்து கும்பிட்டபோதுதான் என் உள்ளங்கால் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எழுந்து பார்த்தால் மனுசி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். சுற்றிப் பார்த்தேன். அத்தனை பேரும் சப்பாத்தோடுதான் நின்றார்கள். அந்த ஊரில் செருப்போடுதான் சாமி கும்பிடுவது.

வெளியே ஓடி வந்தோம். சிங்கம் இருந்தது, செருப்பு இல்லை. கூட்டிப் பெருக்கும் மனுசன், ஆரோ எறிந்துவிட்டுப் போன பழஞ்செருப்பு என்று நினைத்து அள்ளிக்கொண்டு போய்விட்டான் போல. அதில் அவன் பிழை ஒன்றும் இல்லை, அது பழஞ்செருப்புத்தான். அவர் விடவில்லை. வாசல்காரரைப் பிடித்து உலுப்பினார். குப்பை வண்டியைத் தடியால் கிளறினார். நாலைந்து பேர் கூடி, என் காலைக் காட்டிக் காட்டிக் கதைத்தார்கள். ஒரு தாத்தா தன்னுடைய செருப்பைக் கழற்றி நீட்டினார், அது ஒரு தோணி அளவு இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டு, கண்ணீர் வரச் சிரித்தேன். அவர் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடி பார்த்துவிட்டு, கையில் குப்பைத் தடியோடு அவரும் சிரிக்கத் தொடங்கினார்.

பிறகு தன் சப்பாத்தைக் கழற்றி, குந்தியிருந்து, என் காலைப் பிடித்து மாட்டப் பார்த்தார். பெண்ணைப் பெற்றவர் என் காலைத் தொடுவதா? நான் பதறிக் குனிய, அவர் நிமிர, இரண்டு தலையும் தேங்காய் உடைத்ததுபோல மோதின. கடைசியில் அவருடைய சப்பாத்தில் நான், காலுறையோடு அவர், இருவரும் கைகோர்த்து வாத்து நடை நடந்து ஒரு செருப்புக் கடைக்குப் போனோம். திரும்பி வந்த பஸ்ஸில் அவர் சாரதிக்கு முழுக் கதையையும் சொன்னார். நான் விழுந்து கும்பிட்டதையும் நடித்துக் காட்டினார். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் அதில் ஒருத்தி.

அன்று பின்னேரம் தன் சின்ன வீட்டில் அவரே சமைத்தார். கத்தரிக்காயும் பாவற்காயும். என் கோப்பையில் வைக்க வந்தபோது, பழக்கதோஷம், கை தானாக மறைத்தது. மகன் அவருக்கு விளக்கியிருக்க வேண்டும். என் கையை எடுத்து மடியில் வைத்துவிட்டு, கோப்பை நிறையப் போட்டார். பிறகு மகளைப் பார்த்து நீளமாக ஏதோ சொன்னார். பிள்ளையின் கண் கலங்கியது. அவள் ஆங்கிலத்தில் சொல்ல, மகன் எனக்குத் தமிழில் சொன்னான்.

"செருப்புத் துலைஞ்சதுக்கு ஒருத்தரையும் ஏசாமல் சிரிக்கிற மனுசி, தன்ரை பிள்ளையின்ரை கையால ஒரு கோப்பை உடைஞ்சாலும் ஏசமாட்டாவாம். ஓமாம், அம்மா. ஓமெண்டு சொல்லிப்போட்டா."

கலியாணம் லண்டன் வெஸ்ட் ஈலிங்கில் நடந்தது. பேத்தி பிறந்த பிறகு சம்பந்தி அம்மா ஒவ்வொரு கோடைக்கும் லண்டன் வருகிறார். வந்தால் இரண்டு நாள் பிள்ளையோடு இருப்பார். மூன்றாம் நாள் அவருக்குக் கால் நிற்காது. என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். மேல் தட்டில், முன் கண்ணாடியோடு ஒட்டிய கதிரைதான் வேண்டும். பஸ் எங்கே போய் முடிகிறதோ அங்கே இறங்கி, ஒரு தேத்தண்ணி குடித்துத் திரும்ப வேண்டும், அதுதான் அவருடைய சட்டம். தேம்ஸ் நதியில் இத்தனை பாலங்கள் இருப்பதை நான் அவரோடுதான் பார்த்தேன். முந்தாநாள் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊர் வரைக்கும் போய், வழி தவறி, ஒரு வெள்ளைக்காரப் பெடியனிடம் நான் ஆங்கிலத்தில் வழி கேட்டேன். நான்!

இன்று காலையும் வெளிக்கிட்டு நிற்கிறோம். மருமகள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலை மறித்தாள். இப்போது அவள் நன்றாகத் தமிழ் கதைப்பாள்.

"மாமி, நேராச் சொல்லுங்கோ. என்ரை அம்மா என்னைப் பார்க்க வந்தவவோ, இல்லாட்டி உங்களைப் பார்க்க வந்தவவோ?"

"ஒரே பிள்ளையைத் தூக்கி எங்களிட்டைத் தந்தவ. பதிலுக்கு அவவுக்கும் ஒரு ஆள் வேணும்தானே, பிள்ளை."

அவள் சிரித்துக்கொண்டு அதைத் தாய்க்குச் சொன்னாள். சம்பந்தி அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை, கடையில் சாமான் பார்ப்பதுபோல ஒருமுறை பார்த்தார். பரவாயில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்தார், தெரு முனையில் பஸ் வந்துகொண்டிருந்தது.