பூசையில் வைத்த புத்தகங்கள்

எங்கள் தலைமையாசிரியருக்குப் புத்தகங்கள்மேல் அளவுகடந்த மரியாதை. அந்த மரியாதையால்தான், கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்தில் ஆற்றோரம் இருக்கிற எங்கள் நடுநிலைப்பள்ளி காலாண்டு விடுமுறை முடிந்து திறந்தபோது, ஒரு பிள்ளை கையிலும் புத்தகம் இல்லை.

சரஸ்வதி பூசையன்று நூலகப் புத்தகங்கள், விடுமுறைக்கு முன் பிள்ளைகளிடம் திரும்ப வாங்கிய பழைய பாடநூல்கள் அத்தனையையும் அவர் தன் அறை பீரோவுக்குள் அடுக்கினார். இரண்டாம் பருவத்துக்கு வந்திருந்த புதுப் பாடநூல் கட்டுகளையும் கயிறுகூடப் பிரிக்காமல் உள்ளே வைத்தார். பீரோவுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, கைப்பிடியில் மாலை போட்டுப் பூட்டினார். பூசையில் வைத்த புத்தகத்தை மறுநாள் பூசை செய்து எடுக்கும்வரை படிக்கக் கூடாது என்பது எல்லாரும் அறிந்த வழக்கம். வைத்தவர்தான் எடுக்க வேண்டும் என்பது அவராகச் சேர்த்துக்கொண்டது. மறுநாள் காலையில் பூசை செய்ய அவர் கிளம்பும் முன்பே அவருடைய பெரியப்பா காலமாகிவிட்டார். பங்காளித் தீட்டு பதினாறு நாள்.

"பதினாறு கழியட்டும் டீச்சர். அதுக்கு முன்ன நான் சாவியத் தொட மாட்டேன்" என்றார்.

"அப்போ வாசிப்பு நேரம் சார்?" என்று கேட்டேன். பிள்ளைகள் தினமும் இருபது நிமிடம் வாசிக்க வேண்டும், அதைப் படம் பிடித்து வாட்ஸப் குழுவில் போட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு.

"அது நிக்கப்பிடாது. புத்தகம் இல்லாம வாசிக்கட்டும்."

நான் முன்கோபக்காரி. ஆனாலும் அன்றைக்குக் கோபத்தைவிட பயம்தான் அதிகம் இருந்தது. காரணம், என் ஆறாம் வகுப்பில் கடைசி வரிசையில் உட்காரும் ஒரு பெண். மலைமேல் மாஞ்சோலை தேயிலை எஸ்டேட்டை மூடி எல்லாரும் இறங்கியபோது கீழே வந்த குடும்பம். ஜூனில் சேர்ந்தாள். கணக்கு நன்றாகப் போடுவாள், கதை சொன்னால் வாய் பிளந்து கேட்பாள். வாசிக்கச் சொல்லி எழுப்பினால் மட்டும் புத்தகத்தைப் பார்த்தபடி ஊமையாகிவிடுவாள். கரும்பலகையில் எழுதினால் படித்துவிடுவாள்தான்; மற்ற பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுச் சொல்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். விடுமுறைக்கு முன்னால் அவள் அம்மா வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: "இவளுக்குப் படிப்பு ஏற மாட்டேங்கு டீச்சர். அரையாண்டுக்குள்ள வாசிக்கலைன்னா திருப்பூருக்கு அவ சித்தி வீட்டுக்கு அனுப்பிருதேன். கைப்பிள்ளையவாவது பாத்துக்கிடுவா." அரையாண்டுத் தேர்வுக்கு இரண்டே மாதம் இருந்தது. அதில் பதினாறு நாளை ஒரு பெரியப்பா எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வகுப்புக்கு வந்து, "வீட்டுல, ரோட்டுல, எழுத்து உள்ளது எது கிடைச்சாலும் நாளைக்குக் கொண்டு வாங்க" என்று கத்தினேன்.

கொண்டு வந்தார்கள். உரச் சாக்கு, மாமன் கல்யாணப் பத்திரிகை, இருமல் மருந்துத் தாள், சுடலைமாடன் கோயில் கொடைவிழா நோட்டீஸ். இரண்டு பேர் மாட்டுக்கொட்டகைக்கு மேலே போட்டிருந்த பூப்புனித நீராட்டு விழா பேனரைச் சுருட்டித் தோளில் தூக்கி வந்தார்கள். விரித்தால் அது வகுப்பைவிட நீளமாக இருந்தது. பாதி வாசகம் வராந்தாவில் கிடந்தது. அதை வாசிக்கப் பிள்ளைகள் வாசல் தாண்டிப் போய் வந்தார்கள். உரச் சாக்கை வாசித்தவன், "குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்" என்று முடித்ததும் முதல் வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்து, "அப்போ இவன் எப்படி டீச்சர் எடுத்தான்?" என்று கேட்டாள். வாசித்ததைப் புரிந்துகொண்டு ஒரு பிள்ளை கேள்வி கேட்டது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை. சாக்கும் கையுமாக அவர்களைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். திட்டு வரும் என்று காத்திருந்தேன். "சிறப்பு. தொடரவும்" என்று வந்தது.

மலைப்பெண் மட்டும் எட்டு நாளும் வெறுங்கையோடு வந்தாள். ஒன்பதாவது நாள், பஸ் நிறுத்தச் சுவரிலிருந்து உரித்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒன்றைக் கொண்டு வந்தாள். பின்னால் பசை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. மாலை போட்ட படத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தலைமையாசிரியரின் பெரியப்பா! அதைப் பிடுங்கி ஒளித்து வைக்கலாம் என்று கை நீட்டினேன். அதற்குள் அவள் வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

தடங்கல் இல்லாமல், கணீரென்று வாசித்தாள். இறைவனடி சேர்ந்ததை வாசித்து, மகன்களை வாசித்து, மருமகன்கள், பேரன்கள், சம்பந்திகள் என்று போய்க்கொண்டே இருந்தாள். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் வாசலில் வந்து நின்றார். தன் பெயர் வரும்வரை கோபப்பட வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பங்காளிகள் பட்டியல் வந்தது, போனது. பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். பால்காரர் வந்தார்.

"அப்புறம்?" என்றார் தலைமையாசிரியர்.

"அப்புறம் அச்சகத்துப் பேருதான் சார் இருக்கு."

"நல்லாப் பாருளா. என் பேரு இல்ல?"

அவள் மறுபடி முதலிலிருந்து, இன்னும் சத்தமாக வாசித்தாள். இல்லை. பெரியப்பா மகன்களுக்கும் அவருக்கும் ஏதோ வாய்க்கால் தகராறு என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர் முகம் கருத்துப்போனது.

"பால்காரன் பேரு இருக்கு, எம் பேரு இல்ல! பங்காளியே இல்லைன்னு ஆக்கிட்டானுவ. அப்போ எனக்கு எதுக்குத் தீட்டு? இப்பவே தலைமுழுகிட்டு வாரேன்!"

சொன்னபடி ஆற்றுக்குப் போனார். அரைமணி நேரத்தில் ஈரத் தலையும் பட்டை விபூதியுமாக வந்து, சூடம் காட்டி பீரோவைத் திறந்தார். நாள்கணக்கில் வாடிய மாலை அவர் கையிலேயே உதிர்ந்தது. முதல் கட்டைப் பிரித்து, முதல் புத்தகத்தை அந்தப் பெண்ணிடமே கொடுத்தார். "நீதாம்ளா இத வெளிய கொண்டு வந்த. வாசி."

பள்ளிக்கூடமே வராந்தாவில் கூடி நின்றது. அவள் புத்தகத்தைத் திறந்தாள். பார்த்தாள். பழையபடி ஊமையாக நின்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இப்பதான வாசிச்ச, இதுக்குள்ள என்ன வந்துச்சு?" என்று அதட்டினேன். கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு அவள் மெதுவாகச் சொன்னாள்: "டீச்சர், அந்தப் போஸ்டரையே குடுங்க. அதுல எழுத்து நிக்கு. இதுல ஓடுது."

ஒரு வரிக்கு நாலு எழுத்தாகப் பெரிசு பெரிசாக எழுதி நோட்டை வீணாக்குகிறாள் என்று எத்தனை நாள் அவளைத் திட்டியிருக்கிறேன்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல வெட்கமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அவளையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குக் கண் டாக்டரிடம் போனேன். டாக்டர் பொடி எழுத்து அட்டை ஒன்றைக் கையில் கொடுத்தார். இரண்டாவது வரியில் நின்றுவிட்டாள். கனமான சட்டத்தை மாட்டி, கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டார். நாலாவது கண்ணாடியில் அவள் மூச்சு விடாமல் அட்டையின் கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சித்தி வேற ஆளப் பாத்துக்கிடட்டும்" என்றாள் யாரிடம் என்றில்லாமல்.

டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்: "எத்தனை மாசமா இப்படி இருக்கு? வாசிக்கச் சொன்னா பிள்ளை முழிச்சிருக்குமே, யாரும் கவனிக்கலையா?"

"எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது சார்" என்றாள் அம்மா. பிறகு பெருமையாக என்னைக் காட்டினாள். "டீச்சர்ட்டக் கேளுங்க. அவங்கதான் தினமும் பாக்காங்க."