சப்சீக்வென்ட் விசிட்

வல்லத்திராக்கோட்டையில் எங்கள் வீட்டு மாடி அறைதான் என் ஆபீஸ். அமெரிக்க ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டுகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் உரிய கோட் நம்பரைப் போடுவது என் வேலை. மாடு முட்டினால் ஒரு நம்பர், ஏணியிலிருந்து விழுந்தால் ஒரு நம்பர். கை உடைந்தது என்று மொட்டையாகப் போட்டால் போதாது. இடதா வலதா என்று சொல்லாத கிளைமை இன்சூரன்ஸ்காரன் திருப்பி அடித்துவிடுவான். அதற்குப் பெயர் டினயல்.

சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் அத்துப்படி. சாயங்காலமானால் போனில் நான் பாடம் நடத்தாமல் விட்டால்தானே. நான் கோபித்துக்கொண்டால், "என்ன, டினை பண்ணிட்டியா? அப்பீல் போடவா?" என்பார். எவ்வளவு கோபமிருந்தாலும் சிரிப்பு வந்து தொலைக்கும்.

போன ஆடியில் வீடியோ கால் நின்றுபோனது. கேட்டால், கேமரா கெட்டுப்போச்சு என்றார். குரலும் சரியில்லை. எங்கேயாவது விழுந்து தொலைத்தாரோ என்றுதான் தோன்றியது. நாள் முழுக்க விழுந்தவர்களையும் உடைந்தவர்களையும் பற்றிப் படிக்கிறவளுக்கு வேறென்ன தோன்றும்? "ஒடம்புக்கு என்னங்க?" என்று எத்தனை முறை கேட்டாலும், "ஒண்ணுமில்ல புள்ள, நீ வேலையப் பாரு" என்றே சொன்னார்.

ஒருநாள் வேலையைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தேன். எலும்பு முறிவுக் கேஸ்களில் முதல் சிகிச்சை எது, தேறி வரும்போது காட்ட வருகிற சப்சீக்வென்ட் விசிட் எது என்று பிரித்துப் போட வேண்டும். புதிதாகச் சேர்ந்த பெண் எல்லாவற்றையும் முதல் சிகிச்சை என்றே போட்டுவைத்திருந்தாள்.

"அதெப்புடி? கட்டுப் போட்டதுக்கு அப்பறம் காட்டப் போறது சப்சீக்வென்ட்டுதானே" என்றார் அவர், ரோஷமாக. "நானே நாளைக்கு அதுக்குத்தானே..."

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"எங்க ஒடஞ்சுச்சு?" என்றேன்.

"கைதான். ஏணி சறுக்கிருச்சு. நல்லா கூடி வருதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"இடதா, வலதா?"

"வலது."

"எங்கிட்டச் சொன்னா என்னங்க?"

"நாள் பூரா அடுத்தவன் எலும்பையே பாத்துக்கிட்டிருக்கே. என்னோடதையும் சேத்து எதுக்குன்னுதான்."

கோபம் தலைக்கேறியது. அழுகையும் வந்தது. இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

"கேமராவப் போடுங்க" என்றேன்.

கெட்டுப்போன கேமரா உடனே வேலை செய்தது. இளைத்த முகம், மாவுக்கட்டு, மடியில் தட்டு. இடது கையில் ஸ்பூனைப் பிடித்திருந்தார். சோறு பாதி சட்டையில் சிந்தியிருந்தது.

"சாப்புடுங்க" என்றேன். "நான் பாத்துக்கிட்டிருக்கேன்."

தட்டு காலியாகும்வரை நான் போனை வைக்கவில்லை.