மிளகுக் கொடியின் படம்

தொழில் தொடர்புகளுக்கான ஓர் இணையதளத்தில் எங்கள் கொல்லிமலை மிளகைப் பற்றி எழுதிவந்தேன். கோவை ஓட்டல்காரர் ஒருவர், "தோட்டத்தை நேர்ல பார்க்க வாரேனுங்க" என்று செய்தி அனுப்பினார். சந்தோஷத்தில் வரச் சொல்லிவிட்டேன். பிறகுதான் பயம் வந்தது. படத்தில் பார்த்ததைத் தவிர அவரைப் பற்றி என்ன தெரியும்? வீட்டில் நானும் நாத்தனாரும் மட்டும்தான்.

கார் வந்து நின்றது. நாத்தனார் அரிவாளோடு கதவுக்குப் பின்னால் ஒளிந்தாள். நான் வாசலில் போய் நின்றேன். அவரோ இறங்கவேயில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கி, "ஏனுங்க, நெசமாவே தோட்டம் இருக்குதுங்களா?" என்றார். பக்கத்திலிருந்த அவர் மனைவி, "பயந்துக்கிட்டேதானுங்க வந்தோம். உங்க மொகத்தைக்கூடப் பார்த்ததில்லையே" என்றார்.

அந்தத் தளத்தில் ஓட்டல்காரராவது தன் படத்தைப் போட்டிருந்தார். நான் போட்டிருந்தது மிளகுக் கொடியை.

தோட்டத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் கிளம்பும் முன் அந்த அம்மாவிடமே போனைக் கொடுத்து என்னைப் படமெடுக்கச் சொன்னேன். இன்றும் என் இணையப் பக்கத்தில் அதுதான் இருக்கிறது. உற்றுப் பார்த்தால் கண்ணில் அந்தப் பயத்தின் மிச்சம் தெரியும். மாற்ற மனம் வரவில்லை.