எங்கள் வீட்டு வாசலில் மட்டும் வேண்டாம்

தஞ்சாவூர் புறவழிச் சாலைக்கு அந்தப் பக்கம், கொஞ்ச காலம் முன்புவரை குறுவையும் சம்பாவும் விளைந்த நிலத்தில், ஒரு புதுநகர் எழும்பிக்கொண்டிருக்கிறது. அதற்குச் சாலை, பஸ் பாதை, சைக்கிள் பாதை எல்லாவற்றையும் திட்டமிட்டுத் தரும் வேலை நான் பணிபுரியும் தனியார் நிறுவனத்துக்கு வந்தது. நிறுவனம் அதை என் தலையில் கட்டியது. வடிகால், பாலம், சிக்னல் என்று பெரிய விஷயங்களில்தான் சிக்கல் வரும் என நினைத்துப் போனேன். கடைசியில் என் பொறுமையைத் தின்று தீர்த்தது ஒரே ஒரு பஸ் நிறுத்தம்.

முதலில் நான் வரைந்த படம் அழகான படம். நகரின் குறுக்கே அகலமான சாலை. அதன் நடுவில் பஸ்ஸுக்கு மட்டும் தனிப் பாதை. கார், லாரி எதுவும் அதில் ஏறக் கூடாது. இரண்டு ஓரமும் மரங்கள், மர நிழலில் சைக்கிள் பாதை, அதையொட்டி நடைபாதை. அந்தப் படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, அரசுத் தரப்பில் இந்த வேலையைப் பார்த்த பொறியாளரிடம் போனேன். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாளே இருந்த மனிதர். யாரோடும் சண்டை வராமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதே அவருடைய ஒரே லட்சியம்.

"சைக்கிள் பாதையா? இப்ப யாரு மேடம் சைக்கிள் ஓட்டுறா? எல்லாரும் வண்டி வாங்கிட்டாங்க."

"ஸ்கூல் பிள்ளைங்க ஓட்டுறாங்க சார். கவர்மெண்டே சைக்கிள் குடுக்குதே."

"அது ரெண்டு வருசம். காலேஜுக்குப் போனா ஸ்கூட்டி கேக்கும்."

"பஸ் பாதை?"

"பஸ்ஸுக்குன்னு தனியா ரோட்டை விட்டா, கார் வச்சிருக்கவன் சும்மா இருப்பானா? நாங்க வரி கட்டலையான்னு கேப்பான்."

ஒவ்வொரு கூட்டத்திலும் என் சாலை எதையாவது இழந்துகொண்டே வந்தது. தனிப் பஸ் பாதை ஒரு மஞ்சள் கோடாகச் சுருங்கியது. அடுத்த கூட்டத்தில் அந்தக் கோடும் 'பிற்பாடு பார்க்கலாம்' ஆனது. மரங்கள் இருந்த இடத்தில் கார்கள் நின்றன. சைக்கிள் பாதையை வாய்க்கால் கரைக்குத் தள்ளினார்கள். உடனே நீர்ப்பாசனத் துறைக்காரர்கள் வந்து, கரை தங்களுடையது, தூர் வாரும் மெஷின் எந்த வழியாகப் போகும் என்று கேட்டார்கள். தார் போடக் கூடாது, தடுப்பு வைக்கக் கூடாது, விளக்குக் கம்பம் நடக் கூடாது என்ற நிபந்தனைகளோடு ஒருவழியாகச் சம்மதித்தார்கள். அதாவது கரை எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். அந்தக் கரையில் பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஏற்கெனவே சைக்கிளில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்கள் தினமும் செய்துகொண்டிருந்த ஒன்றுக்கு, மாதக்கணக்கில் அலைந்து அனுமதி வாங்கித் தந்தேன். நான் சாதித்தது இவ்வளவுதான்.

பஸ்ஸாவது ஒழுங்காக வரட்டும் என்று அதில் பிடிவாதமாக நின்றேன். புறவழிச் சாலையிலிருந்து புதுநகருக்குள் நுழைந்து, மெயின் ரோடு முழுக்கப் போய், வாய்க்காலைத் தாண்டி இருக்கும் பழைய தெருவில் திரும்பி, வந்த வழியே டவுனுக்குப் போகும் ஒரு டவுன் பஸ். உள்ளே ஒரே ஒரு நிறுத்தம் போதும் என்று போக்குவரத்துக் கழகத்தார் சொல்லிவிட்டார்கள். அதை எங்கே வைப்பது என்று முடிவு செய்ய, கல்யாண மண்டபத்தில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தோம்.

புதுநகரில் வீடு கட்டி வந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள், அலுவலகம் போகிறவர்கள், பிள்ளைகளின் படிப்புக்காகச் சீர்காழியையும் திருத்துறைப்பூண்டியையும் விட்டு வந்தவர்கள், சென்னையில் சம்பாதித்துத் திரும்பியவர்கள். குடியிருப்போர் சங்கத் தலைவர் ஒரு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவர்தான் முதலில் எழுந்து பேசினார். பஸ் இல்லாமல் முதியவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போக முடியவில்லை, ஆட்டோக்காரர் வாய்க்கு வந்ததைக் கேட்கிறார், பஸ் என்பது அடிப்படை உரிமை என்று அவர் பேசப் பேச எனக்குக் கண் கலங்காத குறை. என் துறையில் இப்படி ஒருவர் ஆதரித்துப் பேசிக் கேட்பது அபூர்வம்.

மறுநாள் காலையில் வெள்ளைப் பெயிண்டோடு போய், மெயின் ரோட்டில் நல்ல அகலமான ஒரு மூலையில் நிறுத்தத்துக்கான கோட்டைப் போட்டேன். அது வங்கி அதிகாரியின் வீட்டு மதிலை ஒட்டிய இடம். கோடு காய்வதற்குள் அவர் வெளியே வந்துவிட்டார்.

"என்ன மேடம் இது?"

"பஸ் ஸ்டாப் சார். நீங்கதான நேத்து அவ்வளவு அழகா பேசினீங்க."

"பஸ் கண்டிப்பா வரணும் மேடம். அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஆனா ஸ்டாப்பு எங்க வீட்டு வாசல்ல மட்டும் வேண்டாம்."

"ஏன் சார்?"

"கேட்டத் தொறந்து கார எடுக்கணும். காலைல கோலம் போடுற எடம். போஸ்டர் ஒட்டுவாங்க, துப்புவாங்க." குரலைத் தாழ்த்தினார். "அப்புறம் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கண்ட ஆளுங்க வந்து நாள் பூரா உக்காந்திருப்பாங்க. உங்களுக்குத் தெரியாததா? உங்களுக்கு எந்த ஊரு?"

"நன்னிலம் சார்."

"நன்னிலத்துல எங்க?"

இந்த இரண்டாவது கேள்வியை என் வாழ்நாளில் எத்தனை பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. ஊரைத் தெரிந்துகொள்ளக் கேட்கும் கேள்வி அல்ல அது. தெருவைத் தெரிந்துகொள்ளக் கேட்பது. கல்லூரி நாளிலேயே அதற்கு ஒரு பதில் தயார் செய்து வைத்துவிட்டேன்.

"பஸ் ஸ்டாண்டு பக்கம் சார்" என்றேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் எல்லா வகை மனிதர்களும் இருப்பார்கள். அதை வைத்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அவர் ஏமாற்றத்தோடு தலையாட்டினார்.

கோட்டை அழித்துவிட்டு அடுத்த தெரு முனைக்குப் போனேன். அங்கே பல் டாக்டர் ஒருவர் வீட்டிலேயே கிளினிக் வைத்திருந்தார். அவருக்கு வருகிறவர்கள் வண்டி நிறுத்த இடம் வேண்டுமாம். அதற்கடுத்த வீட்டில் ஒரு அம்மா, "பஸ்ஸு வந்து நின்னா குழந்த முழிச்சிக்கும்மா" என்றார். அந்தக் குழந்தை வளர்ந்து அந்த பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போகப் போகிறது என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். எதிர் வரிசையில் ஒருவருக்கு வாஸ்து இடித்தது. பிள்ளையார் கோயில் பக்கம் போனால், கோயில் வாசலில் செருப்புக் காலோடு நிற்பார்கள் என்றார்கள். ஒவ்வொருவரும் காபி கொடுத்தார்கள், மின்விசிறியைச் சுழலவிட்டார்கள், பஸ் எப்போது வரும் என்று ஆவலாக விசாரித்தார்கள். வாசலைக் காட்டினால் மட்டும் முகம் மாறியது.

பிள்ளையார் கோயில் எதிரே குந்தி உட்கார்ந்து, மண்ணெண்ணெய்த் துணியால் மறுபடி கோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மேடம், நீங்க கோடு போட வந்தீங்களா, அழிக்க வந்தீங்களா?"

முப்பது வயதிருக்கும் ஒரு பெண். தோளில் பை, கையில் டிபன் கூடை. தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்றும் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பழைய தெருவில் என்றும் சொன்னார். பஸ் பிடிக்கப் புறவழிச் சாலைவரை தினமும் நடக்கிறவர். இந்த நகரம் வயலாக இருந்தபோது அவருடைய அப்பாவும் அம்மாவும் இதே இடத்தில் நடவும் அறுப்பும் செய்தவர்கள். இப்போது அப்பா இதே வாய்க்காலின் கடைமடையில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வைத்துச் சாகுபடி செய்கிறார்.

எனக்கிருந்த எரிச்சலில் எல்லாவற்றையும் அவரிடம் கொட்டிவிட்டேன். சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எங்க தெரு முனையில வைங்களேன். பஸ்ஸு எப்படியும் அங்கதான திரும்புது? எங்க வீட்டுக்கு எதுக்கவே வைங்க. எங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"உங்க தெருவுல சம்மதிப்பாங்களா?"

"ஏன் மாட்டாங்க? மழையில நிக்கிறவங்க நாங்கதான?" என்றவர், வாய்க்கால் மதகு வரைக்கும் என்னோடு நடந்தார். "நீங்க எந்த ஊரு மேடம்?"

"நன்னிலம்" என்றேன். அவர் எங்கே என்று கேட்கவில்லை. நானே எங்கள் தெருவின் பெயரைச் சொன்னேன். அப்பா யார் பண்ணையில் வேலை செய்தார் என்பதையும் சொன்னேன்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றார்.

இரண்டு நாளில் பழைய தெருக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் வந்துவிட்டது. வேலை முடிந்தது என்று நினைத்தேன். மறுபடி கல்யாண மண்டபம், மறுபடி கூட்டம். இடத்தை அறிவித்ததும் வங்கி அதிகாரி எழுந்தார்.

"அங்க வச்சா நாங்க எப்படிப் போறது? நாங்க அங்க போயி நிக்கணுமா?"

"நாலு நிமிச நடைதான் சார்" என்றேன்.

"நடையப் பத்திச் சொல்லல மேடம். பொம்பளப் பிள்ளைங்க இருக்காங்க. அந்த எடத்துல அவங்க எப்படி நிப்பாங்க?"

மண்டபத்தின் பின்னால் நர்ஸ் யூனிஃபார்மோடு நின்றுகொண்டிருந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "நாங்களும் பொம்பளப் பிள்ளைங்கதான் சார். பொறந்ததுலேர்ந்து அந்த எடத்துலதான் நிக்கிறோம்."

நான் வாயைத் திறந்தால் எங்கே போய் முடியும் என்று எனக்கே தெரியாததால், கையிலிருந்த படத்தை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாப்பாட்டு நேரம் தாண்டிக்கொண்டிருந்தது பொறியாளருக்குப் பொறுக்கவில்லை.

"சரிங்க. அங்க வேணாம்னா வேற எடம் சொல்லுங்க. யாரு உங்க வீட்டு வாசலக் குடுக்குறீங்க? கையத் தூக்குங்க பாப்போம்."

ஒரு கைகூட எழவில்லை. சண்டையே பிடிக்காத அந்த மனிதர் ஒரே வரியில் விஷயத்தை முடித்துவைத்தார். அதற்காக அவர் என்னுடைய பஸ் பாதையை வெட்டியதை மன்னித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

நிழற்குடை கட்டினார்கள். பஸ்ஸும் வந்தது. முதல் நாள் நர்ஸின் அம்மா டிரைவருக்குப் பூமாலை போட்டார். இனி நிம்மதி என்று அலுவலகத்துக்குத் திரும்பினால், பஸ் தாமதமாகப் போகிறது என்று புகார்மேல் புகார். போய்ப் பார்த்தேன். புதுநகர்க்காரர்கள் யாரும் நிறுத்தத்துக்கு நடக்கவில்லை. அவரவர் கேட்டுக்கு முன்னால் நின்று கை காட்டினார்கள். நல்ல மனசுக்காரரான டிரைவர் எல்லோருக்கும் நிறுத்தினார். வாசலில் நிறுத்தம் வேண்டாம் என்று சொன்ன அத்தனை வீட்டு வாசலிலும் பஸ் நின்று நின்று போனது. நர்ஸ் இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் திட்டு வாங்கினார். தாமதம் என்று புகார் எழுதியவர்களும் இதே கை காட்டியவர்கள்தான். அதைப் படித்தபோது எனக்குத் தலையை எதிலாவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

டெப்போவில் சொல்லி, நிறுத்தத்தைத் தவிர வேறெங்கும் நிற்கக் கூடாது என்று உத்தரவு போட வைத்தேன். ஒரு வாரம் திட்டித் தீர்த்துவிட்டு, பிறகு ஒவ்வொருவராகக் குடை பிடித்துக்கொண்டு மதகைத் தாண்டி நடக்க ஆரம்பித்தார்கள். பொம்பளப் பிள்ளைகளும் நடந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பல் டாக்டரின் மனைவியும் நர்ஸின் அம்மாவும் முழங்கால் வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று பேசிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். அதைப் பார்த்துவிட்டு மனம் நெகிழ்வதற்குள் போன் வந்தது. வங்கி அதிகாரி.

"மேடம், ஒரு சின்ன பிரச்சன. அந்தத் தெருக்காரங்க பக்கத்துலயே இருக்காங்களா, முதல்ல ஏறி எல்லா சீட்டுலயும் உக்காந்துடுறாங்க. நாங்க நின்னுக்கிட்டே போக வேண்டியிருக்கு. எங்க பக்கம் ஒரு ஸ்டாப்பு இருந்தா, பஸ்ஸு உள்ள வரும்போதே ஏறி உக்காந்துக்கலாம். எங்க வீட்டு வாசல்லயே வச்சாலும் பரவால்ல."

போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை பார்த்தேன். பிறகு, "எழுதிக் குடுங்க சார்" என்றேன். மறுநாளே எழுதிக் கொடுத்தார். பொறியாளர் அதன் ஓரத்தில் 'பரிசீலிக்கவும்' என்று எழுதி எனக்கு அனுப்பிவிட்டார்.

நர்ஸைப் பார்த்தபோது இதைச் சொன்னேன். அவர் கொதித்துப் போவார், சேர்ந்து திட்டலாம் என்று எதிர்பார்த்தேன்.

"வைக்கட்டும் மேடம். ஒண்ணுக்கு ரெண்டா இருந்துட்டுப் போகட்டும். எங்களுக்கும் கூட்டம் கொறையும்ல?"

"உங்களுக்குக் கோபமே வராதா?"

"வரும். ஆனா டியூட்டிக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனாலும் நேற்று உட்கார்ந்து, படத்தில் அந்த மெயின் ரோட்டு மூலையில் இரண்டாவது நிறுத்தத்தை வரைந்தேன். அந்தப் பக்கத்திலும் கார் இல்லாத வீடுகள் இருக்கின்றன. வீட்டு வேலைக்கு வருகிறவர்களும் அங்கேதான் இறங்க வேண்டும். வங்கி அதிகாரிக்காக வரையவில்லை என்பதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது.