அக்கா வைத்திருந்த சபைச் சாவி

அக்கா, உன்னைத்தான் கூப்பிடுகிறேன். நீ போனதிலிருந்து என் கோபம் அடங்கவே இல்லை.

ஊரூர் குப்பத்தில் எங்கள் கிறிஸ்தவ சபை ஒரு சின்ன ஹால். மீன் விற்றுவிட்டு வந்து அதைத் திறப்பது, பெருக்குவது, பாய் விரிப்பது எல்லாம் அக்காதான். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைத் தேடிப்போய் ஜெபிப்பாள். குடித்துவிட்டு அடிக்கிற புருஷனை அவன் வாசலிலேயே நின்று திட்டுவாள். அடி வாங்கினவளை எங்கள் வீட்டில் படுக்க வைப்பாள். சபைச் சாவி எப்போதும் அவள் இடுப்புச் சுருக்குப் பையில்தான் இருக்கும்.

ஆனால் சபையை மேற்பார்க்கிற மூப்பர் பதவி மீனுக்கு ஐஸ் விற்கிற வியாபாரிக்கு. சபைக்கு ஸ்பீக்கர் வாங்கிக் கொடுத்தார், மூப்பர் ஆகிவிட்டார். சபையை நடத்துகிறவன் முதலில் தன் வீட்டை ஒழுங்காக நடத்த வேண்டும், வந்தவர்களை உபசரிக்க வேண்டும், கை நீட்டி அடிக்கிறவனாக இருக்கக் கூடாது என்று வேதத்தில் பவுல் எழுதியிருக்கிறார். எட்டாவதோடு நின்ற எனக்கே இது புரிகிறது. இவர் பெற்ற மகனே இவரிடம் பேசுவதில்லை.

மஞ்சள் காமாலையில் அக்கா செத்துப்போனாள். சவப்பெட்டி எங்கள் சந்துக்குள் நுழையவில்லை. சந்து முனையில், நாய்கள் சுற்றுகிற இடத்தில், வெயிலில் வைத்தோம். மூப்பர் யாராவது செத்தால் பெட்டியைச் சபைக்குள் கொண்டுபோய்ப் பிரசங்க மேடைக்கு முன்னால் வைப்பது எங்கள் வழக்கம். மற்றவர்களுக்கு வீட்டோடு ஜெபம். அக்காவையும் உள்ளே வைக்க வேண்டும் என்று போதகரிடம் கேட்டேன். கமிட்டியைக் கேட்க வேண்டும் என்றார்.

கொஞ்ச நேரத்தில் அந்த ஐஸ் வியாபாரி மூப்பர் வந்தார். அக்கா முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"சபைச் சாவி எங்க கீது?"

"இன்னாத்துக்கு?"

"நீ பாட்டுக்குத் தொறந்துடுவ. பொம்பளைக்கு சபைல பதவி கெடையாது நைனா. வேதத்துலயே கீது."

"அதே வேதத்துல ஒரு அம்மாவ சபைக்கு ஊழியக்காரின்னு பவுல் எழுதிக்கீறாரு. முழுசா படிச்சா தெரியும்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

அக்காவோடு மீன் விற்கிற பெரியம்மா பெட்டிப் பக்கத்திலிருந்து எழுந்தாள்.

"யோவ் மூப்பரே, உன் பொண்டாட்டி உன்கிட்ட ஒத வாங்கினு வந்தாளே, அன்னிக்கு எங்கய்யா படுத்தா? உன் சபைலயா, இவ ஊட்லயா?"

பெரியம்மா என்னைப் பார்த்து, "இன்னாடா நின்னுகினு கீற? போய்த் தொற" என்றாள்.

அக்காவின் சுருக்குப் பையிலிருந்த சாவியை எடுத்துப் போய்த் திறந்தேன். மீன்காரப் பெண்களே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேடைக்கு முன்னால் வைத்தார்கள். போதகர் வாசற்படியைத் தாண்டவில்லை. பெரியம்மாதான் ஜெபித்தாள், பாதியில் அழுகை வந்து நின்றுவிட்டது. மிச்சத்தை வேறொருத்தி முடித்தாள்.

மறுநாளே கதவில் புதுப் பூட்டு. அந்த ஞாயிற்றுக்கிழமை, இயேசுவின் நினைவாக எல்லோருக்கும் கொடுக்கிற திருவிருந்து அப்பத்தை அதே மூப்பர்தான் எடுத்துக்கொண்டு வந்தார். அந்தக் கையிலிருந்து நான் வாங்கவில்லை.

செத்தவர்களுக்காக ஜெபிக்கக் கூடாது என்று எங்கள் சபையில் சொல்வார்கள். குப்பம் முழுக்க ஜெபித்தவளுக்கு ஜெபிக்க ஆள் இருக்கக் கூடாதாம். இது என்ன நியாயம்? அவர்கள் சொல்வதைச் சொல்லட்டும். இதைப் படிக்கிற நீங்கள் எல்லோரும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, எங்கள் அக்காவுக்காக ஒரு ஜெபம் பண்ணுங்கள்.